மலையில் ஹேண்டி ரேடியோ: அதிக கெயின் ஆன்டெனாவா, வடிகட்டியா, வேறு ரேடியோவா?

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்றவர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். ஹேண்டியோடு (கேட்கவும் பேசவும் உதவும் கையடக்க ரேடியோ) பெட்டியில் வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவில் மதுரை நண்பரின் குரல் சுமாராகக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று நீளமான ஆன்டெனாவை வாங்கி மாட்டினால் அந்தக் குரலே காணாமல் போகிறது, அல்லது நடுநடுவே வேறு யாருடைய பேச்சோ வந்து விழுகிறது. ஆன்டெனா போலியா, ரேடியோ பழுதா, இதைவிடப் பெரிய ஆன்டெனா வேண்டுமா என்று குழம்புகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் ஆன்டெனா தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அது அள்ளிக்கொண்டு வரும் சிக்னல் மொத்தத்தையும் ஹேண்டியின் ரிசீவரால் தாங்க முடியவில்லை என்பதே சிக்கல்.

அடுத்து எதில் பணம் போடுவது என்பதற்கு ஆறு வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான இடமும் வெளியே தெரியாத செலவும் இருப்பதால் அவற்றைத் தனித்தனியே எடைபோட்டிருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையூரின் நடுவில், ஒலிபரப்புக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் குடியிருப்பவர், வேண்டாத சிக்னலைத் தடுப்பதற்கே முதலில் செலவிட வேண்டும். கெயின், அதாவது சிக்னலைக் கூட்டித் தரும் ஆன்டெனாவின் திறன், அதற்குப் பிறகு வரலாம்.

## ரிசீவர் ஏன் திணறுகிறது

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கீழே உள்ள சமவெளியோடு ஒப்பிட்டால் சுமார் 1,800 மீட்டர் உயர வேறுபாடு. அந்த உயரத்திலிருந்து ரேடியோ அலைகளின் தொடுவானம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி, கோயம்புத்தூர் எல்லாம் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு வட்டம் இன்னும் பெரிது. சமவெளியில் இருப்பவரின் ஹேண்டியை வீடுகளும் மரங்களும் பாதுகாக்கின்றன. தெற்கே திறந்த மலைவிளிம்பில் நிற்பவரின் ஹேண்டிக்கு அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. நமக்கு வேண்டிய ஒரு குரலோடு அத்தனை ஊர்களின் பண்பலை நிலையங்களும் அரசுத் துறைகளின் வயர்லெஸ் பேச்சும் சேர்ந்தே வந்து இறங்குகின்றன.

இவற்றோடு மலையிலேயே இருக்கும் ஒலிபரப்பிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. உயரத்தில் இருப்பதால் அது பல மாவட்டங்களுக்கு எட்டுகிறது. அதே காரணத்தால் அதன் அருகில் வசிப்பவரின் ரிசீவருக்குப் பெரும் சுமையாகவும் ஆகிறது. கணக்குக்காக ஒரு 10 கிலோவாட் ஒலிபரப்பியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, நேர்ப்பார்வையில், ஒரு சாதாரண டைபோல் ஆன்டெனாவை (இரு கம்பிகள் கொண்ட அடிப்படை வகை) வைத்தால் அதில் ஏறத்தாழ 0.17 மில்லிவாட் வந்து சேரும். கேட்க அற்பமாகத் தோன்றும் இந்த அளவு, ஹேண்டி இனங்கண்டு பேச்சாக மாற்றக்கூடிய மிகப் பலவீனமான சிக்னலைவிடச் சுமார் 20,000 கோடி மடங்கு பெரியது. டெசிபெலில் (சிக்னல்களின் விகிதத்தைச் சொல்லும் அலகு; ஒவ்வொரு 10 டெசிபெலும் பத்து மடங்கு) சொன்னால் 113. இவ்வளவு பெரிய வேறுபாட்டை உள்ளே அனுமதித்து, சிறியதை மட்டும் பிரித்தெடுக்கும் பொறுப்பு நகத்தளவு சில்லு ஒன்றின் தலையில் விழுகிறது.

இன்று பலர் கையில் இருக்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் போன்ற மலிவான ஹேண்டிகளில் ரிசீவர் முழுவதும் ஒற்றைச் சில்லுக்குள் அடங்கியிருக்கிறது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள நமது 2 மீட்டர் பட்டையை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் கூர்மையான வடிகட்டி அதன் வாசலில் இல்லை. அகலமாகத் திறந்திருக்கும் அந்த முதல் பெருக்கிச் சுற்றுக்குள் எல்லாம் நுழைந்த பிறகே தெரிவு நடக்கிறது. விளைவுகள் இரண்டு விதமாக வெளிப்படும்.

முதலாவது, மந்தம். வலுவான ஒரு சிக்னல் முதல் பெருக்கியை அதன் எல்லைவரை தள்ளிவிடுவதால் பலவீனமான சிக்னலுக்குக் கிடைக்க வேண்டிய பெருக்கம் கிடைக்காமல் போகிறது. இரைச்சலும் கேட்காது, தொந்தரவும் கேட்காது; ரேடியோ வெறுமனே அமைதியாக இருக்கும். குற்றவாளி வெளியே தெரியாததால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவது, இன்டர்மாடுலேஷன். வலுவான இரண்டு மூன்று சிக்னல்கள் பெருக்கிக்குள் ஒன்றோடொன்று கலந்து, வானத்தில் எங்குமே இல்லாத ஒரு சிக்னலை உள்ளேயே பிறப்பிக்கின்றன. உதாரணமாக 150, 155 மெகாஹெர்ட்ஸில் இரண்டு வலுவான நிலையங்கள் இருந்தால், 150-இன் இருமடங்கில் 155-ஐக் கழிக்க 145 வருகிறது. அது நமது பட்டையின் நட்டநடு. பண்பலை நிலையங்களும் இதில் பங்கெடுக்கும்: 100.5-க்கும் 106.5-க்கும் உள்ள வேறுபாடு 6. அதை 151-இலிருந்து கழித்தாலும் 145 கிடைக்கும்.

அதிக கெயின் ஆன்டெனா ஏன் தீங்காகிறது என்பதற்கான விடை இந்த இரண்டாவது விளைவின் கணக்கில் இருக்கிறது. மேலே கணக்கிட்ட இந்தக் கலவைகள் (மூன்றாம் படிக் கலவைகள் என்பார்கள்), அவற்றைப் பிறப்பித்த சிக்னல்கள் ஒரு டெசிபெல் ஏறினால் தாங்கள் மூன்று டெசிபெல் ஏறும். ஆன்டெனாவை மாற்றி எல்லாச் சிக்னலையும் 6 டெசிபெல் உயர்த்தினால் நமக்கு வேண்டிய குரல் 6 டெசிபெல் உயர்கிறது, உள்ளே பிறக்கும் கலவை 18 டெசிபெல் உயர்கிறது. குரலுக்கும் தொந்தரவுக்கும் இடையிலான நிலவரம் 12 டெசிபெல் மோசமாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கெயின் இப்படித்தான் நமக்கு எதிராகத் திரும்புகிறது.

ஸ்குவெல்ச்சை (பலவீனமான சிக்னலை ஒலிபெருக்கிக்கு விடாத அமைப்பு) ஏற்றி வைப்பதும் சிடிசிஎஸ்எஸ் டோன் (குறிப்பிட்ட தாழ்ஒலியோடு வரும் பேச்சை மட்டும் விடும் அமைப்பு) போடுவதும் இதற்குத் தீர்வு என்று சிலர் சொல்லக் கேட்கலாம். டோன் போட்டால் வேண்டாத பேச்சு ஒலிபெருக்கிக்கு வராது என்பது உண்மையே. ஆனால் ரிசீவரின் திணறல் அப்படியே இருக்கும். வரவேண்டிய குரலும் வராமலே இருக்கும்.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

எந்தச் செலவுக்கும் முன்னால், நடப்பது ஓவர்லோடுதானா, அதாவது வலுவான சிக்னலால் ரிசீவர் திணறுவதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். எல்இடி விளக்குகள், மின்வெட்டு நேரத்தில் ஓடும் இன்வெர்ட்டர், மலிவான செல்போன் சார்ஜர் ஆகியவை எழுப்பும் இரைச்சலும் கிட்டத்தட்ட இதே அனுபவத்தைத் தரும். அதற்கு மருந்து வேறு.

10 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு கருவி) ஒன்றை ஆன்டெனாவுக்கும் ஹேண்டிக்கும் நடுவில் மாட்டிப் பாருங்கள். தொந்தரவு வெளியிலிருந்து வரும் உண்மையான சிக்னலாகவோ இரைச்சலாகவோ இருந்தால் அது 10 டெசிபெல் மட்டுமே குறையும். ரிசீவருக்குள் பிறக்கும் கலவையாக இருந்தால் 30 டெசிபெல் குறைந்து, ஏறத்தாழ மறைந்தே போகும். அட்டெனுவேட்டர் மாட்டியிருக்கும்போது பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தக் கூடாது: ஹேண்டியின் 5 வாட் பாய்ந்தால் அந்தச் சிறிய அட்டெனுவேட்டர் கருகிவிடும்.

அட்டெனுவேட்டர் இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நண்பரை 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நீளமாகப் பேசச் சொல்லிவிட்டு, நீளமான ஆன்டெனாவின் திருகை இடப்பக்கமாக மெல்ல மெல்லக் கழற்றுங்கள். வெளிவளையம் தளர்ந்து, நடு ஊசி மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலை வரும். அந்த அரைகுறைத் தொடர்பில் எல்லாச் சிக்னலும் விழுந்துவிடும். அப்போது இதுவரை கேட்காத நண்பரின் குரல் சட்டென்று தெளிந்து வந்தால் உங்கள் ஹேண்டி திணறிக்கொண்டிருந்தது என்பது உறுதி. குரலும் இரைச்சலும் ஒன்றாகவே மங்கினால் ஓவர்லோடு இல்லை; மேற்கொண்டு கெயின் தேடுவதில் தவறில்லை. இந்தச் சோதனையிலும் ஹேண்டியைக் கேட்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

ஐந்து கேள்விகள் போதும். வலுவான அண்டைச் சிக்னலின் நடுவில் ரிசீவர் வேலை செய்யுமா? தொலைவிலுள்ள பலவீனமான குரலைக் கேட்க உதவுமா? அதன் வழியாகவே பேசவும் முடியுமா? தோட்டத்திலும் காட்டுப்பாதையிலும் எடுத்துக்கொண்டு நடக்க முடியுமா? விலைச்சீட்டில் இல்லாத செலவு என்ன? இவற்றில் மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்பதற்கு மட்டும் பயன்படும் தீர்வு, அலைபரப்ப உரிமம் வைத்திருக்கும் ஹாமுக்குப் பாதித் தீர்வே.

## வழி 1: பெட்டியில் வந்த குட்டை ஆன்டெனாவோடு இருப்பது

குட்டை ரப்பர் ஆன்டெனாவை எல்லோரும் குறை சொல்கிறார்கள். 2 மீட்டர் பட்டையில் அது முழு அளவு டைபோலைவிட 5 டெசிபெலுக்கும் மேலாகப் பின்தங்கியே இருக்கும். ஆனால் மலையில் அந்தக் குறையே ஒரு பாதுகாப்பு. அது எல்லாச் சிக்னலையும் குறைத்துத் தருகிறது. அத்துடன், சுருள்கம்பியால் ஆனதால் தன் பட்டையை விட்டு விலகிய 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இன்னும் மோசமாக வேலை செய்கிறது. விலை கொடுக்காமலே கையில் ஒரு சிறு வடிகட்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதன் மறைமுகச் செலவு நாம் பேசும்போது தெரியும். கேட்கும்போது உதவிய இழப்பு பேசும்போதும் இருக்கும். 7 டெசிபெல் பின்தங்கிய ஆன்டெனாவில் 5 வாட் செலுத்தினால், நல்ல ஆன்டெனாவில் 1 வாட் செலுத்தியதற்குச் சமமாகவே வெளியேறும். நாம் அவரைக் கேட்போம், அவர் நம்மைக் கேட்கமாட்டார் என்ற நிலை வரலாம்.

ரிப்பீட்டர் (நம் பேச்சை வாங்கி மறுபடி பரப்பும் நிலையம்) நேர்ப்பார்வையில் இருப்பவர்களுக்கும் ஊருக்குள் நடந்துகொண்டே பேசுபவர்களுக்கும் இது போதும்.

## வழி 2: நீளமான விப் ஆன்டெனா

ஹேண்டியிலேயே மாட்டும் 38, 39 சென்டிமீட்டர் நீள நாகோயா என்ஏ-771 போன்றவை ஒரு வகை. இழுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும் அரை அலைநீள நீட்டுமடக்கு வகை இன்னொன்று. இரண்டுக்கும் நடத்தை வேறு. முதல் வகை அகலப்பட்டைத் தன்மை கொண்டது. 145-இல் முன்னேற்றம் தருவதோடு 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையையும் குட்டை ஆன்டெனாவைவிட நன்றாக அள்ளிக்கொண்டு வரும். அரை அலைநீள வகையின் அடியில் பொருத்துச் சுருள் ஒன்று இருப்பதால் பட்டைக்கு வெளியே உள்ளவை ஓரளவு தள்ளப்படுகின்றன. ஆகவே விப்தான் வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு நான் அரை அலைநீள வகையையே சொல்வேன்.

இதன் மறைமுகச் செலவு எஸ்எம்ஏ இணைப்பில், அதாவது ஆன்டெனாவைத் திருகி மாட்டும் இடத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் கம்பி மரக்கிளையில் சிக்கினால் நெம்புகோல்போல் அந்தச் சிறிய இணைப்பைத் தாங்கும் சாலிடரின் மேல் முழு விசையும் விழுகிறது. சோலைக்காட்டின் ஒற்றையடிப் பாதையில் இதை விரித்துக்கொண்டு நடக்க முடியாது. நின்று, விரித்து, பேசி, மடக்கி வைக்க வேண்டும். போலிகளும் சந்தையில் நிறைய.

பூம்பாறை, மன்னவனூர் போல ஊரைவிட்டு மேற்கே மலைமுகடுகள் தாண்டி இருக்கும் இடங்களில், நகரத்துக் கோபுரங்களை மலையே மறைத்துவிடுகிறது. அங்கே குறை சிக்னல் பற்றாக்குறைதான். விப் முழுப் பலனையும் தரும்.

## வழி 3: கையில் பிடிக்கும் யாகி

அளவுநாடாவின் எஃகுத் தகட்டை வெட்டி, பிவிசி குழாயில் பொருத்திச் செய்யும் மூன்று உறுப்பு யாகியை (ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஆன்டெனா) ஹாம்கள் உலகெங்கும் தாங்களே செய்துகொள்கிறார்கள். பொருட்செலவு மிகக் குறைவு. உறுப்புகள் வளைந்து கொடுப்பதால் பேருந்தில் மடித்து எடுத்துச் செல்லலாம். டைபோலைவிட 5, 6 டெசிபெல் முன்னே கெயினும், முன்புறத்தைவிடப் பின்புறத்தில் 15 முதல் 20 டெசிபெல் குறைவான ஏற்பும் எதிர்பார்க்கலாம்.

மற்ற ஆன்டெனாக்கள் எல்லாவற்றையும் ஒன்றாகவே உயர்த்துகின்றன. யாகி வேண்டியதை உயர்த்தி, வேண்டாததைத் தாழ்த்துகிறது. அதைப் பிடிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு: வேண்டிய குரல் அதிகபட்சமாகக் கேட்கும் திசையைத் தேடுவதைவிட, தொந்தரவு மறையும் திசையைத் தேடுவது நல்லது. யாகியின் முன்முகம் அகலமானது. 20, 30 பாகை திரும்பினாலும் குரல் அதிகம் குறையாது. ஆனால் அதன் ஏற்பு அடியோடு விழும் பள்ளங்கள் குறுகலானவை. ஆகவே முகத்தைச் சற்று விலக்கி, பள்ளத்தைத் தொந்தரவின் மேல் வைத்தால் குரல் கொஞ்சம் இழந்து தொந்தரவு நிறைய இழக்கும். ரிப்பீட்டரோடு பேசுகையில் உறுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

யாகியின் திசைத்தன்மை அது வடிவமைக்கப்பட்ட பட்டையில்தான் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 145-க்காகச் செய்த யாகி, 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் கம்பித் துண்டுதான். எனவே தொந்தரவு 140, 150-களில் இருந்தால் யாகி சிறந்த மருந்து. பண்பலையால் வரும் மந்தத்துக்கு அதன் உதவி குறைவு. பல திசைகளில் இருந்து பலர் பேசும் வலைக்கூடலுக்கும் இது ஒத்துவராது: ஒருவரைக் கேட்டால் மற்றவர் மறைந்துபோவார்.

## வழி 4: கூரைமேல் கொலினியர்

அதிகம் பேர் ஆசைப்படுவதும், வாங்கிய பிறகு அதிகம் பேர் மனக்குறைப்படுவதும் இதைத்தான். 1.7 மீட்டர் நீள இருபட்டை கொலினியர் (உறுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய செங்குத்து ஆன்டெனா) ஒன்று 2 மீட்டர் பட்டையில் 4.5 டெசிபெல் என்று அட்டையில் போட்டிருக்கும். அது எல்லாத் திசைக்கும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட எண். டைபோலோடு ஒப்பிட 2.15-ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 2.35. கூரையிலிருந்து மேசைக்கு 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்தால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 டெசிபெல் கேபிளிலேயே கரைந்துவிடும். ஹேண்டியின் இன்னொரு பட்டையில், 435 மெகாஹெர்ட்ஸில், 5, 6 டெசிபெல் போகும். ஆர்ஜி-213 போட்டால் 145-இல் இழப்பு ஒன்றரை டெசிபெலுக்குள் நிற்கும். ஆனால் விரல்பருமன் உள்ள அந்தக் கேபிளை ஹேண்டியின் எஸ்எம்ஏ இணைப்பில் நேராகத் தொங்கவிட்டால் இணைப்பு பெயர்ந்து வரும். இடையில் மெல்லிய கேபிள் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

உண்மையான ஆதாயம் உயரத்திலிருந்து வருகிறது. மலையில் அந்த உயரம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்பதால் சமவெளிக்காரருக்குக் கிடைக்கும் பலன் நமக்குக் கிடைப்பதில்லை. வீடும் மரமும் மறைத்துக்கொண்டிருந்த ஒலிபரப்புக் கோபுரத்தை இப்போது ஆன்டெனா நேருக்கு நேர் பார்க்கிறது. ஹேண்டியின் ரிசீவருக்கு இதைவிடக் கடினமான சூழ்நிலையை அமைத்துக்கொடுக்க முடியாது.

பராமரிப்பும் மலையில் கூடுதல். கோடை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மின்னல் நெருங்கி இறங்கும். கம்பத்துக்குப் புவியிணைப்பும், கேபிளுக்கு மின்னல் தடுப்பானும், இடி முழங்கும் வேளையில் கேபிளைக் கழற்றி வெளியே போடும் வழக்கமும் வேண்டும். பனிமூட்டத்தின் ஈரம் இணைப்புகளுக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இணைப்புகளை முழுவதும் சுற்ற வேண்டும். குரங்குகள் கேபிளைப் பிடித்துத் தொங்குவதற்கும் இடம் கொடுக்காமல் குழாய்க்குள் விட்டு இறக்குவது நல்லது.

கூரை கொலினியர் தவறான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஹேண்டியோடு தனியாகச் சேர்ப்பதுதான் தவறு. பின்னால் வடிகட்டியோ நல்ல ரேடியோவோ இருந்தால் அது நிலையான வீட்டு நிலையத்துக்குத் தகுந்தது.

## வழி 5: வடிகட்டி

தொந்தரவு ஒரே ஒரு பண்பலை நிலையத்தால் வருகிறது என்றால் சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். ஆன்டெனா கேபிளின் நடுவில் ஒரு டி-இணைப்பு வைத்து, அதன் மூன்றாவது வாயில் முனை குறுக்கிணைக்கப்பட்ட (ஷார்ட் செய்த) ஒரு கேபிள் துண்டைத் தொங்கவிட வேண்டும். துண்டின் மின்நீளம் 100.5 மெகாஹெர்ட்ஸில் சரியாக அரை அலைநீளமாக இருந்தால், முனையில் உள்ள குறுக்கிணைப்பு டி-இணைப்பிலும் குறுக்கிணைப்பாகவே தெரியும், 100.5 அங்கேயே அழிந்துவிடும். ஆர்ஜி-58 கேபிளில் அலை, வெற்றிடத்தில் செல்லும் வேகத்தில் 0.66 பங்கோடு செல்வதால் நீளம் சுமார் 98 சென்டிமீட்டர் வருகிறது. ஏறத்தாழ 25 முதல் 30 டெசிபெல் வரை அந்த நிலையத்தைத் தாழ்த்தலாம்.

பலர் முனை திறந்த கால் அலைநீளத் துண்டை, அதாவது 49 சென்டிமீட்டரைப் பரிந்துரைக்கிறார்கள். 100.5-ஐ அதுவும் கொல்லும். ஆனால் 145-இல் அது கேபிளுக்குக் குறுக்கே 42 ஓம் அளவு எதிர்ப்பாக நின்று எஸ்டபிள்யூஆரை (பொருத்தமின்மையின் அளவு; 1 என்றால் சரியான பொருத்தம்) 3 பக்கம் கொண்டுபோய்விடும். முனை குறுக்கிணைத்த அரை அலைநீளத் துண்டோ 145-இல் ஏறத்தாழ 275 ஓமாகத் தெரிவதால் எஸ்டபிள்யூஆர் 1.2-லேயே நிற்கும், ஹேண்டியின் 5 வாட்டைத் தயங்காமல் செலுத்தலாம். நீளம் இருமடங்கானாலும் நமக்குப் பொருந்துவது இதுவே.

செய்யும் முறை எளிது. டி-இணைப்பிலிருந்து 105 சென்டிமீட்டர் கேபிளை விட்டு, 98 சென்டிமீட்டர் அளவில் ஒரு குண்டூசியைக் குறுக்கே செலுத்துங்கள். ஊசி வெளிப்பின்னலையும் நடுக்கம்பியையும் ஒன்றாகத் தொட்டால் குறுக்கிணைப்பு ஆகிவிட்டது. திணறலால் மறைந்துபோகும் ஒரு பலவீனமான சிக்னலைக் கேட்டபடி ஊசியை அரை சென்டிமீட்டர் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிக் குத்திப் பாருங்கள். சிக்னல் நன்றாக எழும் இடத்தில் கேபிளை வெட்டி, பின்னலையும் நடுக்கம்பியையும் முறுக்கிச் சாலிடர் வைத்துவிடலாம். நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிளை அளக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடவல்கூடத் தேவையில்லை.

பல பண்பலை நிலையங்கள் சேர்ந்து தொந்தரவு தந்தால், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் தடுக்கும் ஆயத்த வடிகட்டிகள் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை எஸ்டிஆர் ரிசீவர்களுக்காக (கணினியோடு இணைத்துக் கேட்பவை) செய்யப்பட்டவை. 5 வாட்டைத் தாங்காது. வாங்கும் முன் அலைபரப்பும் திறனைப் பார்க்காவிட்டால் முதல் அழைப்பிலேயே வடிகட்டி போய்விடும். 2 மீட்டர் பட்டையை மட்டும் விடும் நல்ல பட்டைவிடு வடிகட்டி எல்லாவற்றையும்விட உறுதியானது. விலை அதிகம், ஹேண்டியின் இன்னொரு பட்டையான 70 சென்டிமீட்டர் அதோடு போய்விடும், சட்டைப்பையில் வைக்கவும் முடியாது.

வடிகட்டிக்கு ஓர் எல்லை உண்டு. தொந்தரவு நமது பட்டைக்குள்ளேயே, பக்கத்து அலைவரிசையில் இருந்தால் எந்தச் சாதாரண வடிகட்டியும் உதவாது. அங்கே யாகிதான் வழி.

## வழி 6: வேறு ரேடியோ

இரட்டை மாற்ற சூப்பர்ஹெட்டரோடைன் முறையில் (சிக்னலை இரண்டு படியாக வேறு அலைவரிசைக்கு மாற்றி வடிகட்டும் முறை) வரும் ஹேண்டிகளில் (யேசு எஃப்டி-60ஆர் ஓர் எடுத்துக்காட்டு) வலுவான சிக்னலைத் தாங்கும் திறன் ஒற்றைச் சில்லு வகையைவிடப் பொதுவாக நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய பெயரையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. அகன்ற அலைவரிசை முழுவதையும் கேட்கும்படி செய்யப்பட்ட விலை உயர்ந்த ஹேண்டிகளும் வாசலைத் திறந்தே வைத்திருப்பதால் திணறுகின்றன. ஹாம் பட்டையை முதன்மையாக வைத்து வடிவமைத்ததா என்று பாருங்கள்.

காரில் பொருத்தும் மொபைல் ரேடியோவில் இடவசதி இருப்பதால் வாசல் வடிகட்டிகள் பெரும்பாலும் ஹேண்டியைவிடச் சிறந்தவை. கூரை ஆன்டெனாவுக்கு இயல்பான துணை இதுதான். 12 வோல்ட் மின்வழங்கி, மின்வெட்டுக்கு பேட்டரி, அதன் பராமரிப்பு ஆகியவை கூடுதல் செலவு. இடம் மாறுவதற்கும் நடப்பதற்கும் ஹேண்டியும் தனியே வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | வலுவான சிக்னலைத் தாங்குதல் | பலவீனக் குரலைக் கேட்டல் | அதன் வழியே பேசலாமா | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| குட்டை ஆன்டெனா | நன்று | குறைவு | ஆம், வீச்சு குறைவு | நம் குரல் எட்டாது |
| நீளமான விப் | மோசமாகலாம் | மலை மறைவில் நன்று | ஆம் | எஸ்எம்ஏ இணைப்பு முறிவு |
| கையில் பிடிக்கும் யாகி | பட்டைக்குள் மிக நன்று, பண்பலைக்குக் குறைவு | மிக நன்று | ஆம் | ஒரு கை எப்போதும் அதற்கே |
| கூரை கொலினியர் | ஹேண்டியோடு மிக மோசம் | நல்ல ரேடியோவோடு நன்று | ஆம் | கேபிள், மின்னல், ஈரம் |
| அரை அலைநீளத் துண்டு | ஒரே நிலையத்துக்கு நன்று | ஆன்டெனாவைப் பொறுத்தது | ஆம் | 70 சென்டிமீட்டர் பட்டையில் சிறு இழப்பு |
| ஆயத்தப் பண்பலை வடிகட்டி | நன்று | ஆன்டெனாவைப் பொறுத்தது | பெரும்பாலும் இல்லை | தெரியாமல் பேசினால் கருகும் |
| மொபைல் ரேடியோ | நன்று | நன்று | ஆம் | மின்வழங்கி, பேட்டரி |

## உங்கள் இடத்துக்கு எது

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியோ அண்ணா சாலைப் பக்கமோ வீடு இருந்து, மேசையில் ஹேண்டி வைத்து மதுரையோடும் திண்டுக்கல்லோடும் பேச நினைப்பவர் முதலில் அரை அலைநீளத் துண்டைச் செய்து பார்க்கட்டும். அது போதாமல், தொந்தரவு பண்பலைக்கு வெளியிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் யாகி. கூரை ஆன்டெனாவுக்கான பணத்தை மொபைல் ரேடியோ வாங்கும் நாள்வரை எடுத்துவைக்கலாம்.

கோக்கர்ஸ் வாக் போன்ற மலைவிளிம்பிலிருந்து பேசுபவருக்கு ஆன்டெனாவைவிட நிற்கும் இடமே பெரிய கருவி. விளிம்பிலிருந்து சில அடி பின்வாங்கி, கோபுரம் இருக்கும் பக்கத்தைப் பாறையோ கட்டடமோ மறைக்கும்படி நின்றால், ஒரு காசும் செலவில்லாமல் பல டெசிபெல் தொந்தரவு குறைந்துவிடும். அங்கேயும் சரிவராவிட்டால் குட்டை ஆன்டெனாவை மாட்டிப் பாருங்கள். இவ்வளவு திறந்த வெளியில் அதுவே சமவெளி நகரங்களை எட்டிவிடக்கூடும்.

நீலகிரியிலும் இதே பிரிவு உண்டு. தொட்டபெட்டா பக்கமும் ஊட்டி நகரிலும் இருப்பவர் வடிகட்டியோடு தொடங்க வேண்டும். குந்தா, மஞ்சூர்ப் பள்ளத்தாக்குகளில் இருப்பவருக்கு மலைகளே கவசம்; அரை அலைநீள விப்பைத் தைரியமாக வாங்கலாம். தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் கூடலூர்ப் பக்கம் வெளியே எதைப் பொருத்தினாலும் ஈரப் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் நிலச்சரிவு நேர்ந்து சாலையும் செல்போனும் துண்டிக்கப்படும்போது தகவல் தொடர்புக்கு உதவ விரும்பும் ஹாம்கள் வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். எந்தத் திசையிலிருந்து அழைப்பு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எந்த மலையடியில் நிற்க நேரும் என்றும் தெரியாது. அவர்களின் பையில் குட்டை ஆன்டெனா, அரை அலைநீள விப், மடக்கும் யாகி, சாலிடர் வைத்த கேபிள் துண்டு, டி-இணைப்பு ஆகிய ஐந்தும் இருக்கட்டும். எல்லாம் சேர்த்தும் ஒரு கிலோவுக்கு அதிகம் மிஞ்சாது. மொத்த விலையும் ஒரு கூரை கொலினியரையும் அதன் கேபிளையும் தாண்டாது.

ஊட்டியை அடுத்த முத்தொரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. நமது கற்பனைக்கு எட்டாத கெயின் உடைய அந்த ஆன்டெனாவுக்குப் பின்னால் உள்ள ரிசீவர்கள் 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டுமே கேட்கின்றன. அந்தப் பக்கம் நடைபயணம் போகும் ஹாம்கள் தொலைநோக்கியின் அருகில் பிடிடியை அழுத்தாமல், ஹேண்டியை அணைத்து வைத்துவிட்டுக் கடந்து செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நாம் ஒலிபரப்புக் கோபுரத்தின் கீழ் படும் பாட்டை, கையில் 5 வாட் வைத்திருக்கும் நாமே அந்த ரிசீவர்களுக்குத் தரக் கூடாது.